யானை திரும்பாமல் இருந்திருந்தால்? அரசுரிமை வரலாற்றை ‘ஒருவேளை’ என்று கேட்டுப் படிக்க ஒரு வழிகாட்டி

அட்டனிலோ பண்டாரவளையிலோ உயர்தர வரலாற்று வகுப்பு நடக்கும் அறைகளில் ஒரு கேள்வி எப்படியும் தலைகாட்டும். “ஆதித்த கரிகாலன் கொல்லப்படாமல் இருந்திருந்தால் இராஜராஜன் அரசனாகியிருப்பானா சேர்?” கேட்பவர் பெரும்பாலும் பின்வரிசைக்காரர். “நடந்ததை முதலில் படியுங்கள், அதுவே மலைபோலக் கிடக்கிறது” என்று சிரித்துவிட்டு ஆசிரியர் பாடத்துக்குத் திரும்பிவிடுவார். தவணை முடிவதற்குள் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டியவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கேள்வி வீண் கேள்வி அல்ல. கேட்கும் முறை தெரிந்தால், 5ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டு வரையான அரசுரிமைத் தகராறுகளைப் பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது.

காரணம் எளியது. அந்தக் காலத்தில் ஓர் அரசன் கண்மூடினால் முடிக்கு உரியவர் ஒருவர் மட்டும் இருப்பது அரிது. மகன் இருப்பான், தம்பி இருப்பான், செத்துப்போன அண்ணனின் மகன் இருப்பான், நாடுகடந்து போய் வேற்றரசனின் படையில் சேவகம் செய்யும் தாயாதி ஒருவனும் இருப்பான். வழக்கம் என்று ஒன்று இருந்தது. அது யார் கையையும் கட்டிப்போடவில்லை. ஆகவே மாற்று வழியை நாம் கற்பனையில் உருவாக்க வேண்டியதில்லை. அது பெயரோடும் படையோடும் சான்றுகளுக்குள்ளேயே நிற்கிறது.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ‘என்ன நடந்திருக்கும்’ என்று குறிசொல்வது நம் வேலையல்ல. நடந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் எது கனமானது, எது வெறும் அலங்காரம் என்று எடை பார்ப்பதே வேலை. ஒரு காரணத்தை மனதால் எடுத்துவிட்டுப் பார்க்கிறோம். எடுத்த பிறகும் அதே முடிவு வருகிறதென்றால் அந்தக் காரணம் அவ்வளவு பெரியதல்ல.

முதல் வேலை: தாய்மாரையும் சேர்த்துக் குடும்பக்கொடி வரையுங்கள்

பாடப்புத்தகத்தில் வரும் அரசர் பட்டியல் வென்றவர்களின் வரிசை மட்டுமே. அதை வைத்துக்கொண்டு ‘ஒருவேளை’ என்று கேட்கவே முடியாது. ஒரு வெற்றுக் கொப்பியை எடுத்து, அரசன் இறந்த அன்று உயிரோடிருந்த உறவினர் எல்லோரையும் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் தாய் யார், அவள் எந்தக் குலம் என்பதையும் குறியுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தப் பகுதியைத்தான்.

5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட தாதுசேனனுக்கு இரண்டு மகன்மார். காசியப்பனின் தாய் சமகுலத்தவள் அல்லள். முகலனின் தாய் அரசகுலத்தவள். இந்த ஒரு வரி இல்லாமல் சிகிரியாவின் கதை விளங்காது. மலையகத்தில் இருக்கும் நமக்கு இதே கணக்கு இன்னும் பக்கத்திலேயே கிடைக்கிறது. காலத்தால் பிந்தியது என்றாலும் பயிற்சிக்கு நல்லது. 1739ல் கண்டியில் நரேந்திரசிங்கன் இறந்தபோது, அரசகுலமல்லாத கண்டிப் பெண் ஒருத்திக்கு அவனுக்குப் பிறந்த உனம்புவே பண்டார இருந்தான். இருந்தும் முடி போனது பட்டத்தரசியின் சகோதரனுக்கு. மதுரை நாயக்கர் குலத்தைச் சேர்ந்த அவன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரசனானான். அரசனின் சொந்த இரத்தத்தைவிடத் தாயின் குலம் அங்கே பாரமானது.

அடுத்து: அந்தக் காலத்தவருக்கே தெரிந்த பிரிவழியைக் கண்டுபிடியுங்கள்

எந்தத் தருணத்தை மாற்றிப் பார்ப்பது? அன்று வாழ்ந்தவர்கள் ‘இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம்’ என்று தயங்கி நின்ற தருணத்தை மட்டும். சான்றுகளில் அதற்கு அடையாளங்கள் உண்டு. யாரோ ஒருவர் மறுத்தார், யாரோ தப்பியோடினார், தூதுக்குழு ஒன்று புறப்பட்டது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் அரசர் என்று சொல்லிக்கொண்டார்கள். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் அங்கே நில்லுங்கள்.

இதற்குக் காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. 731 அளவில் பல்லவ அரசன் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்துபோகிறான். அதன் பிறகு நடந்ததைக் கோயிலின் சுற்று மண்டபச் சுவரில் வரிசையாகச் செதுக்கி, கீழே எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். பெரியவர்களும், கடிகையார் எனப்பட்ட கல்விச்சாலையினரும், மூலப்பிரகிருதிகள் எனப்பட்ட நாட்டு முக்கியஸ்தர்களும் இரணியவர்மனிடம் போகிறார்கள். இவன் பழைய அரசன் சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனின் வழியில் வந்தவன். பல தலைமுறைகளாக முடி காணாத கிளை. இரணியவர்மன் தன் நான்கு மகன்மாரையும் கேட்கிறான். சிறீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் என மூவரும் மறுக்கிறார்கள். கடைசிப் பிள்ளை பல்லவமல்லன் ‘நான் போகிறேன்’ என்று வணங்கி நிற்கிறான். வயது பன்னிரண்டு. தகப்பன் தயங்குகிறான், சபையில் ஒருவர் தைரியம் சொல்லுகிறார். அந்தப் பையனே இரண்டாம் நந்திவர்மன்.

இந்த ஒரு சுவரிலிருந்தும் அதையொட்டிய செப்பேடுகளிலிருந்தும் மூன்று கேள்விகள் எழும். தூதுக்குழு இரணியவர்மனிடம் போகாமலே இருந்திருந்தால்? அண்ணன்மாரில் ஒருவன் சம்மதித்திருந்தால்? பாண்டியர் பக்கம் நின்ற இன்னொரு பல்லவனான சித்திரமாயன் வென்றிருந்தால்?

முதல் கேள்வியைத் தள்ளிவிடலாம். குழு வேறு எங்கே போயிருக்கும் என்பதற்குப் பிடிமானம் இல்லை. பேசப் பேச காற்றில்தான் நடப்போம். மூன்றாவது கேள்விக்குக் கால் ஊன்ற இடமிருக்கிறது. நந்திபுரத்தில் முற்றுகைக்குள் சிக்கிய நந்திவர்மனைத் தளபதி உதயசந்திரன் வந்து மீட்டதையும் சித்திரமாயனை வெட்டி வீழ்த்தியதையும் உதயேந்திரம் செப்பேடு சொல்லுகிறது. தளபதி பிந்தியிருக்கலாம் என்று நினைப்பது அபத்தமல்ல.

எனக்குப் பிடித்தது இரண்டாவது கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன மாற்றம்: அதே குடும்பம், அதே கிளை, ஆள் மட்டும் வேறு. ஆனால் நந்திவர்மன் ஏறத்தாழ 65 ஆண்டுகள் ஆண்டான். பன்னிரண்டு வயதில் தொடங்கியவனுக்குத்தான் அது முடியும். வளர்ந்த அண்ணன் ஒருவன் ஏறியிருந்தால் அதே காலத்துக்குள் இன்னும் ஒன்றிரண்டு மரணங்கள் நடந்திருக்கும். ஒவ்வொரு மரணமும் ஒரு தாயாதிச் சண்டைக்கு வாசல். பல்லவர் நீடித்ததற்குப் படைபலத்தையும் கூட்டணிகளையும் காரணமாகச் சொல்லிப் பழகிய நாம், ஓர் அரசன் நீண்ட காலம் உயிரோடிருந்தது என்ற சாதாரண விஷயத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேள்வி கேட்டதால் கிடைத்த லாபம் இது. பல்லவர் கதை எப்படி மாறியிருக்கும் என்பது எனக்கு இன்னும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

இலங்கை அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் பாலி நூலான சூளவம்சம் சொல்லும் கதை இது. தாதுசேனன் தன் மகளைத் தன் சகோதரியின் மகனான சேனாபதிக்குக் கட்டிக்கொடுத்தான். சேனாபதி குற்றம் ஏதுமில்லாமல் அவளைத் தொடையில் சவுக்கால் அடித்தான். மகளின் ஆடையில் இரத்தக் கறையைக் கண்ட அரசன் ஆத்திரம் தாங்காமல் சேனாபதியின் தாயை, அதாவது தன் உடன்பிறந்தவளையே, எரித்துக் கொல்வித்தான். சேனாபதி வஞ்சம் வைத்தான், காசியப்பனைத் தூண்டினான், அரசன் சிறைப்பட்டு மாண்டான். முகலன் இந்தியாவுக்குத் தப்பினான். காசியப்பன் 18 ஆண்டுகள் ஆண்ட பிறகு முகலன் படையோடு திரும்பி வந்தான். போர்க்களத்தில் காசியப்பனின் யானைக்கு முன்னால் சதுப்பு நிலம். சுற்றிப் போக யானையைத் திருப்பினான். பின்னால் நின்ற படை, அரசன் ஓடுகிறான் என்று எண்ணிச் சிதறியது. காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான்.

இங்கே சவுக்கடியை எடுத்துவிடுங்கள், மற்ற எல்லாம் இருக்கட்டும். காசியப்பனின் மனக்குறை அப்படியே இருக்கிறது. தம்பிக்கே முடி என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் படை இல்லை. இப்போது சவுக்கடியைத் திரும்ப வைத்துவிட்டுக் காசியப்பனை எடுத்துவிடுங்கள். சேனாபதியிடம் படையும் கோபமும் இருக்கின்றன. முன்னிறுத்த ஓர் அரசகுமாரன் இல்லை. அவனே அரசனின் மருமகன், சகோதரியின் பிள்ளை. அப்படியிருந்தும் தானே முடி தேடாமல் அரசனின் மகனைத் தேடினான் என்பதைக் கவனியுங்கள். ஆக, ஒதுக்கப்பட்ட மகனும் பகைத்துக்கொண்ட தளபதியும் ஒன்றுசேர வேண்டியிருந்தது. ‘பேராசை பிடித்த மகன் தந்தையைக் கொன்றான்’ என்ற ஒற்றை வரி விளக்கம் இதில் உதிர்ந்துபோகிறது.

சவுக்கடியையும் யானையையும் ஒரே கேள்வியில் மாற்றிவிட்டால் எது எதற்குக் காரணம் என்று எவராலும் சொல்ல முடியாது. வகுப்புகளில் மிக அதிகமாக நடக்கும் குளறுபடி இதுதான்.

எவ்வளவு தூரம் போகலாம்?

யானை திரும்பவில்லை, காசியப்பன் வென்றான் என்றே வைத்துக்கொள்வோம். சிகிரியா தலைநகராகத் தொடர்ந்திருக்கும், அநுராதபுரம் பாழாகியிருக்கும், கலைகள் வேறு திசையில் வளர்ந்திருக்கும் என்று சிலர் ஏழெட்டுப் படி தாண்டி ஓடுவார்கள். ஒவ்வொரு படியிலும் நிச்சயம் பாதியாகக் குறைகிறது. இரண்டு படியோடு நிறுத்துங்கள். பிறகு திரும்பி நின்று வேறொன்றைக் கேளுங்கள்: நடந்த வரலாற்றில் முகலன் வென்றானே, அதனால் அரசுரிமைச் சண்டை ஓய்ந்ததா?

ஓயவில்லை. முகலனுக்குப் பின் மகன் குமாரதாதுசேனன் ஆண்டான். அவன் மகன் கீர்த்திசேனன் ஓராண்டு நிறையுமுன் தாய்மாமன் சிவனின் கையில் மாண்டான். சிவனை உபதிஸ்ஸன் கொன்றான். உரிமை உள்ளவன் என்று கொண்டாடப்பட்டவனின் வழி பேரன் காலத்திலேயே கொலையில் வந்து நின்றது. யானை திரும்பியது ஆளைத் தீர்மானித்தது, நோயைத் தீர்க்கவில்லை. கவாத்து வெட்டிய தேயிலைச் செடியில் எந்த வாதில் முதல் துளிர் வரும் என்று சொல்ல முடியாது, துளிர் வரும் என்று சொல்லலாம். அரசுரிமையிலும் ‘யார்’ என்பதை ஒரு தற்செயல் முடிவுசெய்யலாம். ‘சண்டை வருமா’ என்பதைத் தற்செயல் முடிவுசெய்வதில்லை. இந்த இரண்டையும் கொப்பியில் தனித்தனியாக எழுதுங்கள்.

ஆழத்தையும் பாருங்கள். பதுளையில் வைக்கப்பட்டிருக்கும் 10ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு உதயன் என்ற அரசனின் காலத்தது. மகியங்கனைப் பக்கத்துச் சந்தை ஒன்றில் அதிகாரிகள் முறையற்று அறவிடுகிறார்கள் என்று வணிகரும் ஊராரும் முறையிட்டதையும், அதற்கு விதிகள் வகுக்கப்பட்டதையும் அது பதிவுசெய்கிறது. அரியணையில் அந்த உதயனுக்குப் பதில் அவன் தாயாதி ஒருவன் இருந்திருந்தால் அந்தச் சந்தைக்காரனின் தராசு மாறியிருக்குமா? முறைப்பாட்டைக் கேட்கும் அரசன் ஒருவன் தேவைப்பட்டான். அவன் இன்னார் மகன் என்பது சந்தைக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஒத்த வழக்கைத் தேடுங்கள்

விஞ்ஞானக்காரர்களுக்குச் சோதனைச்சாலை இருக்கிறது. நமக்கு இருப்பது வேறோர் ஊரின் வரலாறு.

சோழர் வரலாற்றில் கண்டராதித்தன் இறந்தபோது மகன் உத்தமன் சிறு பிள்ளை. முடி தம்பி அரிஞ்சயனுக்கும் பின் அரிஞ்சயனின் மகன் சுந்தரசோழனுக்கும் போனது. உத்தமன் வளர்ந்தான், உரிமை கேட்டான், அரசனானான். இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டில் 871ல் ஏதெல்ரெட் இறந்தபோதும் பிள்ளைகள் சிறுவர்கள். முடி தம்பி ஆல்பிரட்டுக்குப் போனது. 899ல் ஆல்பிரட் இறந்ததும், ஒதுக்கப்பட்ட அண்ணன் மகன் ஏதெல்வோல்ட் வளர்ந்தவனாக வந்து உரிமை கேட்டான். ஆல்பிரட்டின் மகன் எட்வர்ட் விட்டுக்கொடுக்கவில்லை. 902ல் ஏதெல்வோல்ட் போரில் செத்தான். ‘உத்தமனுக்கு வழிவிடாமல் இருந்திருந்தால்?’ என்று கேட்பவர் வெறுங்கையோடு கற்பனை செய்ய வேண்டியதில்லை. வழிவிடாத நாடு ஒன்றில் நடந்தது கண்முன்னே இருக்கிறது. இரண்டு நாடுகளும் ஒன்றல்ல என்பதை மறக்காமல் ஒப்பிட்டால் போதும்.

மலைநாட்டுக்கே உரிய ஒரு வழக்கும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் படையெடுத்து அநுராதபுரத்தைச் சூறையாடியபோது முதலாம் சேனன் மலய நாட்டுக்கு, அதாவது இந்த மலைகளுக்குள், தப்பி வந்தான். தம்பி மகிந்தன் களத்தில் தன்னையே மாய்த்துக்கொண்டான். பாண்டியன் உடன்படிக்கை செய்துகொண்டு திரும்பிப் போனான். முடி பின்னர் இன்னொரு தம்பியின் மகன் இரண்டாம் சேனனிடம் சேர்ந்தது. சேனன் பிடிபட்டிருந்தால்? ஒப்பிட 1017 இருக்கிறது. அந்த ஆண்டு சோழர் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1029ல் அவன் சோழநாட்டுச் சிறையிலேயே இறந்தான். ஆனால் அப்போதும் அவன் மகனைத் தெற்கே உறுகுணையில் மக்கள் மறைத்து வளர்த்தார்கள்; வாரிசு அற்றுப்போகவில்லை. அரசன் பிடிபட்டதா இரண்டுக்கும் வேறுபாடு? பாண்டியன் கொள்ளைக்கு வந்தான், சோழர் தங்க வந்தார்கள். எதிரியின் நோக்கமே கனமான காரணம் என்று நான் சொல்லுவேன்.

‘மலையே இல்லாமல் இருந்திருந்தால்?’ என்று கேட்காதீர்கள். மலையை எடுத்தால் மழை, ஆறு, குளம் எல்லாம் போய்விடும். அதற்குப் பிறகு எடைபோட ஒன்றும் மிஞ்சாது.

சொல்பவர் யார் என்று பாருங்கள்

காஞ்சிச் சுவரைச் செதுக்குவித்தவன் நந்திவர்மனே. மூன்று அண்ணன்மாரும் தாங்களாகவே மறுத்தார்கள் என்பது அவனுக்கு வசதியான செய்தி. உதயேந்திரம் செப்பேடோ அவனைப் பரமேசுவரவர்மனின் மகன் என்றே எழுதிவிடுகிறது. சித்திரமாயன் பக்கத்துக்குச் சுவரும் இல்லை, செப்பேடும் இல்லை.

இனிப் பின்வரிசைக் கேள்விக்கு வரலாம். உடையார்குடிக் கல்வெட்டு இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சார்ந்தவர்களின் நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. ஏவியவர் யார் என்று அது சொல்லவில்லை. மக்கள் வேண்டியும், சிற்றப்பன் உத்தமனுக்கு ஆசை இருக்கும்வரை அருண்மொழி (பின்னாளைய இராஜராஜன்) அரசை விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுகிறது; அது இராஜராஜனின் மகன் காலத்தில் எழுதப்பட்டது. கொலையை எடுத்துவிட்டால் எஞ்சுவது: இளவரசுப் பட்டத்தோடு ஆதித்தன், மூத்த கிளையின் உரிமையோடு உத்தமன், தம்பியாக அருண்மொழி. அண்ணனுக்குப் பின் தம்பி ஏறுவது அந்தக் குலத்தில் முன்பே நடந்தது. ஆகவே இராஜராஜன் அரசனாகியே இருக்க முடியாது என்று அடித்துச் சொல்ல இடமில்லை. 985ல் ஏறியிருப்பான் என்பதற்கும் இடமில்லை. இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அது நாவல்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இலங்கை அரசகுலத்து மானவம்மன் காஞ்சியில் பல்லவன் நரசிம்மனிடம் சேவகம் செய்து, பல்லவப் படையோடு வந்து, 684 அளவில் அநுராதபுரத்து முடியைப் பிடித்தான். ஒரு முறை முயன்று தோற்றவன் அவன். நரசிம்மன் நோயுற்றான் என்று கேட்டு அப்போது படை திரும்பிப் போய்விட்டது. இந்தக் கதையை வகுப்பில் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் ‘நாம், அவர்கள்’ என்று பேச்சு திரும்பும். மானவம்மனுக்கு அந்தப் பிரிப்பு உதவியிருக்காது. அவனுக்கு வேண்டியிருந்தது கப்பலும் ஆளும். கேள்வியின் விடை உங்களுக்கு இனிக்கிறது என்று தோன்றினால், அதே சான்றுகளை வைத்து எதிர் விடையையும் ஒரு பக்கம் எழுதுங்கள். இரண்டும் சமமாக நிற்கின்றன என்றால் சான்று போதவில்லை, கேள்வியை மூடிவிடலாம்.

கொப்பியில் எழுதும் விதம்

ஒரு வழக்குக்கு அரைப்பக்கம் போதும். காசியப்பனுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்.

பிரிந்த இடம்: சதுப்பின் முன் யானை திரும்பியது.
மாற்றியது: யானை திரும்பவில்லை. வேறொன்றும் இல்லை.
பிடிமானம்: படை சிதறியதற்கு யானை திரும்பியதையே சூளவம்சம் காரணமாகச் சொல்லுகிறது.
நிறுத்திய இடம்: அன்றைய போரின் முடிவு. காசியப்பனுக்குப் பின் யார் என்பதற்குள் போகவில்லை.
தெரியவந்தது: அரசன் கண்ணில் படுவதே படையின் உயிர். சண்டை ஓயாததற்குக் காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

கடைசி வரி காலியாக இருந்தால் அந்தக் கேள்வியால் பயனில்லை என்று பொருள், அடுத்ததற்குப் போங்கள். தொடங்குபவர்கள் மானவம்மனின் தோற்றுப்போன முதல் படையெடுப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆட்கள் குறைவு, பிரிவழி தெளிவு. சோழர் வழக்கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் அதில் ஏற்கெனவே ஒரு கட்சி இருக்கிறது.

பரீட்சைத் தாளில் இந்த ‘ஒருவேளை’யை அப்படியே எழுத வேண்டாம். ‘தளபதியின் ஆதரவு இல்லாமல் காசியப்பனால் கிளர்ந்திருக்க முடியாது, எனவே…’ என்று ஒரே வாக்கியத்தில் காரணத்தின் எடையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மீதிக் கணக்கு கொப்பியிலேயே இருக்கட்டும்.